நடந்து போன பனையும் நகர விரும்பாத பியோனியும்

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் எக்ஸ்போசிஷன் பார்க் என்று ஒரு பெரிய பூங்கா இருக்கிறது. அங்கே முதிய விசிறிப்பனை ஒன்று நிற்கிறது. நம் ஊர்ப் பனைக்கு அது தூரத்துச் சொந்தம். கலிஃபோர்னியாவின் பாலைவனச் சுனைகளின் ஓரத்தில் தானாக வளரும் வகை. அந்த மரத்துக்கு ஒரு பயணக் கதை உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது அந்த நகரத்தின் சான் பெட்ரோ தெருவில் நின்றுகொண்டிருந்தது. 1888-இல் சற்றுத் தள்ளி ஆர்கேட் ரயில் நிலையம் எழுந்தபோது, மரத்தைத் தோண்டி எடுத்து நிலையத்தின் முன்னால் நட்டார்கள். ரயிலை விட்டு இறங்கி வெளியே வருகிறவர்களை எல்லாம் அந்தப் பனைதான் வரவேற்றது. 1914-இல் நிலையத்தை இடிக்க வேண்டி வந்தது. அதற்குள் மரம் நெடுநெடுவென்று உயர்ந்து பல டன் எடை ஆகியிருந்தது. ஆனாலும் அதை வெட்டிப்போட மனம் வரவில்லை. மறுபடியும் தோண்டினார்கள், பூங்காவுக்குக் கொண்டுபோய் நட்டார்கள். நூறு ஆண்டுகளுக்கு மேலாக அது அங்கேயே இருக்கிறது.

இனி இன்னொரு செடியைப் பாருங்கள். அதன் பெயர் பியோனி. குளிர்நாடுகளின் வீட்டுத் தோட்டங்களில் வளரும் பூச்செடி. இடுப்பளவு உயரம்தான். பூவோ உள்ளங்கையை நிறைத்துவிடும். வெள்ளை, ரோஜா நிறம், அடர்சிவப்பு என்று அடுக்கடுக்கான இதழ்களுடன் மலரும். இதைத் தோண்டி எடுக்க ஒரு மண்வெட்டி போதும். ஆனால் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற்றினால், அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு இது சரியாகப் பூக்காமல் போகலாம். தப்பான ஆழத்தில் நட்டால் எத்தனை ஆண்டானாலும் இலை மட்டும் விட்டுக்கொண்டு நிற்கும்.

பல டன் எடையுள்ள பனை இரண்டு முறை இடம் மாறியும் பிழைக்கிறது. இடுப்பளவுச் செடி இடம் மாறினால் முகம் திருப்பிக்கொள்கிறது. ஏன்?

தம்பி தங்கைகளே, இரண்டுக்கும் விடை ஒன்றுதான். ஒவ்வொரு செடிக்கும் புது இலையும் புது வேரும் பிறக்கிற இடங்கள் இருக்கின்றன. அதன் உயிர்நிலை அவைதான். அவை எங்கே இருக்கின்றன என்று தெரிந்துகொண்டவர் செடியை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். தெரியாதவர் தொட்டிச்செடியைக்கூட மாற்ற முடியாது.

உள்ளே வளையம் இல்லாத மரம்

வெட்டிப்போட்ட வேப்பமரத் துண்டைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் கறுத்த வைரம், வெளியே வெளிர்நிறக் கட்டை, அதைச் சுற்றிப் பட்டை. பட்டைக்கும் கட்டைக்கும் இடையில் கேம்பியம் என்ற மெல்லிய திசு உண்டு. உள்பக்கம் புதுக் கட்டையையும் வெளிப்பக்கம் புதுப் பட்டையையும் உண்டாக்குவது அதன் வேலை. வேம்பும் மாவும் புளியும் ஆண்டுக்கு ஆண்டு பருப்பது அதனால்தான். கிளையை வெட்டினால் காயத்தைச் சுற்றிப் புதுத் திசு வளர்ந்து மூடுவதும் அதனால்தான்.

தென்னந்துண்டையோ பனந்துண்டையோ பாருங்கள். வளையம் எதுவும் இல்லை. குறுக்கே வெட்டிய கரும்பில் தெரிவது போலவே புள்ளி புள்ளியாக நார்க்கற்றைகள் தெரியும். நீரும் உணவும் போகும் குழாய்கள் அவை. ஓரத்தில் நெருக்கமாக இருக்கும், அதனால் வெளிப்பக்கம் கடினம். நடுவில் தளர்வாக இருக்கும், அதனால் உள்பக்கம் மென்மை. தொல்காப்பியத்தின் மரபியல் இந்த வேறுபாட்டைக் கொண்டே செடிகொடிகளைப் பிரிக்கிறது: உள்ளே வைரம் உள்ளவை மரம், வெளியே வைரம் உள்ளவை புல். இன்றைய தாவரவியலும் தென்னை, பனை, மூங்கில், நெல், கரும்பு ஆகிய எல்லாவற்றையும் ஒருவித்திலைத் தாவரங்கள் என்ற ஒரே பெரும் பிரிவில்தான் வைத்திருக்கிறது.

பனைக் குடும்பத்தில் சுமார் 2,600 வகைகள் உண்டு. அவற்றில் எதற்கும் வேம்பில் இருப்பது போன்ற கேம்பியம் கிடையாது. இதனால் மூன்று விளைவுகள்.

முதலாவது, அடிமரத்தின் பருமன் இளமையிலேயே முடிவாகிவிடுகிறது. தென்னங்கன்று முதல் சில ஆண்டுகள் உயராமல், தரையோடு தரையாக நின்று அடிப்பாகத்தை அகலமாக்கிக்கொள்ளும். அந்த அகலம் வந்தபின்தான் மேலே கிளம்பும்.

இரண்டாவது, பனை மரத்தின் காயம் மூடுவதில்லை. ஏறுவதற்காகத் தென்னையில் கொத்திய படிகள் மரம் உள்ளவரை அப்படியே இருக்கின்றன, பார்த்திருக்கிறீர்களா? அது வெறும் தழும்பு இல்லை, திறந்த காயம்.

மூன்றாவது, பெரும்பாலான பனைகளுக்குக் கிளை இல்லை. உச்சியில் ஒரே ஒரு குருத்து. எல்லா ஓலையும் எல்லாப் பாளையும் அங்கிருந்துதான் பிறக்கின்றன. காண்டாமிருக வண்டு குருத்தைக் குடைந்து வளர்முனையை அழித்துவிட்டால் தென்னை செத்துப்போகிறதே, அது இதனால்தான்.

வேரின் ரகசியம்

குருத்து மேலே இருக்கிறது, சரி. தோண்டும்போது அறுபடுவது வேர்தானே? பனை ஏன் பிழைக்கிறது?

வேம்பின் வேரும் அதன் கிளையைப் போலவே பருத்து, பிரிந்து, மேலும் பிரிந்து வெகுதூரம் ஓடும். மண்ணிலிருந்து நீரை உறிஞ்சும் மெல்லிய நுனிவேர்களில் பெரும்பகுதி அடிமரத்துக்குப் பக்கத்தில் இருக்காது, தூரத்தில் இருக்கும். அதனால் 30 சென்டிமீட்டர் பருமனுள்ள மரத்தைப் பெயர்க்க வேண்டுமானால் சுற்றிலும் சுமார் 3 மீட்டர் அகலமுள்ள தாய்மண்ணோடு எடுக்க வேண்டும் என்று மரம் பெயர்ப்பவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். அவ்வளவு எடுத்தாலும் வேர்களில் பெரும்பங்கு மண்ணிலேயே தங்கிவிடும்.

பனைக்கு ஆணிவேர் நிலைப்பதில்லை. அடிமரத்தின் அடியிலிருந்து விரல் பருமனில் சல்லிவேர்கள் கிளம்புகின்றன. வளர்ந்த தென்னைக்கு இப்படிச் சில ஆயிரம் வேர்கள் இருக்கும். ஒரு வேர் எந்தப் பருமனில் பிறந்ததோ கடைசிவரை அதே பருமன்தான். பழையவை சாகச் சாகப் புதியவை அடிமரத்திலிருந்து பிறந்துகொண்டே இருக்கும். அந்த வேர்முளைப் பகுதி பத்திரமாக இருந்தால் போதும், பனை தனக்கு வேண்டிய வேர்களைப் புதிதாக உண்டாக்கிக்கொள்ளும். அதே 30 சென்டிமீட்டர் பருமனுள்ள பனைக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலத் தாய்மண் பெரும்பாலும் போதுமானது.

எல்லாப் பனைகளும் ஒரே மாதிரி நடந்துகொள்கின்றனவா? பனைகளை அதிகமாகப் பெயர்த்து நடும் ஃபுளோரிடாவில் விஞ்ஞானிகளுக்கு இந்தக் கேள்வி வந்தது. ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த திமோத்தி பிராஷாட், ஹென்றி டான்செல்மன் என்ற இருவர் பலவகைப் பனைகளின் வேர்களை வெவ்வேறு நீளத்தில் வெட்டிவிட்டு, பிறகு என்ன நடக்கிறது என்று கவனித்தார்கள். 1984-இல் முடிவை வெளியிட்டார்கள்.

தென்னையில், வெட்டுப்பட்ட வேர்களில் ஏறக்குறைய பாதி பிழைத்துப் புதுக்கிளை விட்டன. எவ்வளவு நீளம் விட்டு வெட்டினோம் என்பது அங்கே பொருட்டாக இல்லை. ராஜபனை போன்ற சிலவற்றில் வேர்த்துண்டு நீளமாக இருக்க இருக்க அதிக வேர்கள் பிழைத்தன. ஃபுளோரிடாவின் மாநில மரமான சபால் பனையில்தான் வியப்பு. அதில் வெட்டுப்பட்ட வேர்கள் அநேகமாக அனைத்தும் செத்தன! அந்த மரம் முழுக்க முழுக்கப் புதுவேரை நம்பித்தான் வாழ வேண்டும்.

புதுவேர் வர மாதக்கணக்காகும். அதுவரை தண்ணீர்? இங்கேதான் அடிமரம் உதவுகிறது. பனையின் உள்ளே இருக்கும் மென்மையான திசு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி போல நீரைச் சேமித்து வைத்திருக்கிறது. ஓலைகளோ வெயிலில் நீராவியை வெளியே விட்டுக்கொண்டே இருக்கின்றன. வேர் இல்லாத நேரத்தில் ஓலை அதிகம் இருந்தால் சேமிப்பு சீக்கிரம் தீர்ந்துவிடும். அதனால் சபால் பனையைப் பெயர்க்கும்போது எல்லா ஓலைகளையும் கழித்துவிட்டு, குருத்தை மட்டும் விட்டு நடுகிறார்கள். பார்க்க மொட்டைக் கம்பமாக இருக்கும். ஆனால் ஓலையோடு நட்டதைவிட அப்படி நட்டவையே அதிகம் பிழைக்கின்றன என்று பின்னர் செய்த சோதனையும் காட்டியது. மற்றப் பனைகளில் பாதிக்கு மேற்பட்ட முதிய ஓலைகளைக் கழித்து, மீதியை மேல்நோக்கிக் கட்டிவைப்பது வழக்கம்.

இதே சபால் பனை, அடிமரம் வராத இளங்கன்றாக இருந்தால்? தொட்டி இல்லை, சேமிப்பும் இல்லை. பெயர்த்தால் பிழைப்பது அரிது. பொதுவாக இளஞ்செடியை மாற்றுவது எளிது, பெரிய மரத்தை மாற்றுவது கடினம் என்று நினைப்போம். சபால் பனையில் அது தலைகீழ்.

பெரிய பனையை எப்படிப் பெயர்க்கிறார்கள்?

முதலில் சுற்றிலும் நன்றாக நீர் பாய்ச்சி மண்ணை இறுக விடுகிறார்கள். ஈரமண் உதிராது, வேரோடு ஒட்டியிருக்கும். பிறகு ஓலைகளைக் கழித்து, மீதியைக் கட்டுகிறார்கள். மெலிந்த மரமாக இருந்தால் குருத்தின் பக்கத்தில் ஒரு நீண்ட மரச்சட்டத்தை வைத்து அடிமரத்தோடு சேர்த்துக் கட்டுவதும் உண்டு. தூக்கும்போது மரம் ஆடினால் உச்சிக்குள் இருக்கும் மென்மையான குருத்து முறியும். முறிந்தது வெளியே தெரியாது. மரம் சில வாரங்கள் பசுமையாக நின்று பிறகு சாகும்.

கிரேனில் தூக்கும்போது சங்கிலியோ இரும்புக் கயிறோ நேரடியாக மரத்தைத் தொடக்கூடாது. அகலமான நைலான் பட்டையைச் சுற்றித்தான் தூக்க வேண்டும். காரணம் உங்களுக்கே தெரியும்: பனையின் காயம் மூடாது. தாய்மண்ணை ஈரச் சாக்கால் போர்த்தியிருப்பார்கள். வேர் சிறிது நேரம் காய்ந்தாலும் கெட்டுவிடும்.

புதுக்குழியில் மரம் முன்பு எந்த ஆழத்தில் இருந்ததோ அதே ஆழத்தில் நட வேண்டும். உயரமான மரம் சாயாமல் நிற்கட்டும் என்று சிலர் கூடுதல் ஆழத்தில் புதைப்பார்கள். வேர்முளைப் பகுதிக்குக் காற்று வேண்டும். ஆழத்தில் புதைந்தால் அது மூச்சுமுட்டிப் போகும். மரம் உடனே சாகாமல் ஆண்டுக்கணக்கில் நலிந்து நலிந்து சாகும். சாயாமல் இருக்க வேறு வழி உண்டு. மரத்தைச் சுற்றிச் சாக்கு வைத்து, அதன்மேல் குட்டையான மரக்கட்டைகளை இரும்புப் பட்டையால் இறுக்கி, முட்டுக்கழிகளை அந்தக் கட்டைகளில் ஆணியடித்து நிறுத்துவார்கள். மரத்தில் ஓர் ஆணிகூட இறங்காது. முட்டு ஏறக்குறைய ஓர் ஆண்டு இருக்கும்.

இதையெல்லாம் எந்தப் பருவத்தில் செய்வது? மண் சூடாக இருக்கும்போது. பனைவேர் குளிர்மண்ணில் அநேகமாக வளராது. ஃபுளோரிடாவில் வசந்தத்திலும் கோடை மழை தொடங்கும்போதும் நடுகிறார்கள். நட்டபின் பழைய ஓலைகள் மஞ்சளாகிக் காய்ந்தால் பயப்பட வேண்டாம். பார்க்க வேண்டியது நடுக்குருத்தை. அது நிமிர்ந்து நீண்டு புது ஓலையாக விரிந்தால் மரம் பிழைத்துவிட்டது.

இப்படிப் பனைகளைப் பெயர்த்ததால் ஒரு பெரிய தோட்டமே பிறந்தது, தெரியுமா? ஜெர்மனியில் நாசாவ் பகுதியை ஆண்ட அடால்ஃப் கோமகன் கண்ணாடி வீடுகளில் அரிய பனைகளை வளர்த்துவந்தார். 1866-இல் பிரஷ்யா அவருடைய நாட்டை எடுத்துக்கொண்டது. அவர் செடிகளை விற்க முன்வந்தபோது, ஹைன்ரிஷ் சீஸ்மையர் என்ற தோட்டக் கலைஞர் ஃபிராங்ஃபர்ட் நகர மக்களிடம் பணம் திரட்டி அவற்றை வாங்க ஏற்பாடு செய்தார். அந்தப் பனைகள் இடம் மாறி ஃபிராங்ஃபர்ட்டுக்கு வந்தன. 1871-இல் பால்மன்கார்டன் என்னும் தோட்டம் திறக்கப்பட்டது. இன்றும் அது பொதுமக்களின் தோட்டம்.

மண்ணுக்குள் கண் வைத்திருக்கும் செடி

இனி பியோனி. பனை தன் உயிர்நிலையை உச்சிக் குருத்திலும் அடிமரத்தின் அடியிலும் வைத்திருக்கிறது என்றால், பியோனி அதை மண்ணுக்குள் ஒளித்து வைத்திருக்கிறது.

பியோனியில் முப்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. சீனாதான் அதன் பெரிய தாய்வீடு. அங்கே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அதைப் பயிரிடுகிறார்கள். லுவோயாங் நகரத்தில் ஒவ்வொரு ஏப்ரல் மாதமும் பியோனித் திருவிழா நடக்கிறது. நம் நாட்டிலும் ஓர் இனம் உண்டு. காஷ்மீர், இமாசலம், உத்தராகண்ட் மலைக்காடுகளில் வெள்ளை இதழும் மஞ்சள் மகரந்தமுமாகப் பூக்கும் இமாலய பியோனி.

பியோனியில் புதர்மரமாக வளர்பவை ஒருவகை. வீட்டுத் தோட்டங்களில் அதிகம் காணப்படுவது, குளிர்காலத்தில் தண்டும் இலையும் முழுக்கக் காய்ந்து மறைந்துபோகும் இன்னொரு வகை. பனிக்காலத்தில் அந்தத் தோட்டத்துக்குப் போனால் அங்கே ஒரு செடி இருந்த அடையாளமே இருக்காது. மண்ணுக்கு அடியில் தடித்த கிழங்குவேர்கள் உணவைச் சேமித்து வைத்திருக்கும். அவற்றின் தலைப்பகுதியில் சிவந்த கூர்மொட்டுகள் இருக்கும். தோட்டக்காரர்கள் அவற்றைக் கண் என்கிறார்கள். உருளைக்கிழங்கிலும் முளைக்கும் இடத்தைக் கண் என்றுதானே சொல்கிறோம்!

ஒவ்வொரு கண்ணும் அடுத்த ஆண்டின் ஒரு தண்டு. அதைவிட ஆச்சரியம், அடுத்த வசந்தத்தில் விரியப்போகும் பூவின் தொடக்கம் முந்தைய கோடையிலும் இலையுதிர்காலத்திலுமே அந்தக் கண்ணுக்குள் உருவாகத் தொடங்கிவிடுகிறது.

சரி, பூ உள்ளே தயாராகிக்கொண்டிருக்கிறது. ஏன் உடனே வெளியே வருவதில்லை? இலையுதிர்காலத்தில் சில நாள் வெயில் நன்றாக அடிக்கும். அதை வசந்தம் என்று நம்பி முளைவிட்டால், பின்னால் வரும் உறைபனி முளையைக் கருக்கிவிடும். அதனால் கண்கள் உறக்கநிலையில் இருக்கின்றன. பூஜ்ஜியம் முதல் ஐந்து டிகிரி செல்சியஸ் வரையான குளிரை வாரக்கணக்கில் அனுபவித்த பிறகுதான் உறக்கம் கலைகிறது. அந்தக் குளிரில் கிழங்கில் இருக்கும் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. வளர்ச்சியைத் தடுத்துக்கொண்டிருந்த பொருள்கள் குறைகின்றன. பிறகு மண் சூடேறியதும் முளை கிளம்புகிறது.

சென்னையிலோ மதுரையிலோ பியோனி ஏன் பூக்காது என்று இப்போது புரிகிறதல்லவா? வெயில் அதிகம் என்பது மட்டும் காரணம் இல்லை. உறக்கம் கலைக்கும் குளிர் அங்கே வருவதில்லை.

குளிர்நாட்டவர்களுக்கு இதில் ஓர் ஆதாயம்கூட உண்டு. பெரும்பாலான இடங்களில் பியோனி மே, ஜூன் மாதங்களில் பூத்து முடிந்துவிடும். வடகோடியில் இருக்கும் அலாஸ்காவில் வசந்தமே தாமதம். அங்கே ஜூலை, ஆகஸ்டில்தான் பூக்கும். 2000-களின் தொடக்கத்தில் ஃபேர்பேங்க்ஸில் உள்ள அலாஸ்கா பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மற்ற ஊர்களில் பியோனி கிடைக்காத மாதங்களில் அலாஸ்காவில் கிடைக்கும் என்று தெரிந்ததும் உழவர்கள் நடத் தொடங்கினார்கள். இன்று அங்கே பியோனிப் பண்ணைகள் இருக்கின்றன.

பியோனியைப் பிரித்து நடுவது

பியோனியை இடம் மாற்ற ஏற்ற காலம் இலையுதிர்காலம். வடநாடுகளில் அது செப்டம்பர், அக்டோபர். இலைகள் கோடை முழுவதும் சமைத்த உணவைக் கிழங்குக்கு அனுப்பி முடித்திருக்கும். கண்கள் உருவாகியிருக்கும். உறைபனி வருவதற்குள் புது மெல்வேர்கள் பிடித்துக்கொள்ள இன்னும் கொஞ்சம் அவகாசம் இருக்கும்.

தண்டுகளைத் தரைமட்டத்துக்குச் சற்று மேலே வெட்டிவிட்டு, சுற்றிலும் அகலமாகத் தோண்டிக் கிழங்கை மொத்தமாக எடுக்க வேண்டும். மண்ணைக் கழுவினால் கண்கள் தெளிவாகத் தெரியும். கூர்மையான கத்தியால் பிரிக்கும்போது ஒவ்வொரு துண்டிலும் மூன்று முதல் ஐந்து கண்கள் இருக்கட்டும், அவற்றோடு நல்ல கிழங்குவேர்களும் இருக்கட்டும். கண் இல்லாத கிழங்கை நட்டால் எதுவும் முளைக்காது. ஒரே கண்ணுள்ள துண்டு முளைக்கும், ஆனால் பூக்க நெடுநாள் எடுக்கும்.

இனிதான் மிக முக்கியமான வேலை. கண்களின் மேல் இரண்டரை முதல் ஐந்து சென்டிமீட்டர் மண் இருந்தால் போதும். இரண்டு விரல் கிடையாக வைத்த அளவு! அதைவிட ஆழமாகப் போனால் செடி வரும், இலை தழைக்கும், பூ வராது. ஆண்டுக்கணக்காகப் பூக்காத பியோனியைப் பார்த்தால் அனுபவசாலிகள் முதலில் கேட்பது, எவ்வளவு ஆழத்தில் நட்டீர்கள் என்றுதான்.

நாளுக்கு ஆறு மணிநேரமாவது வெயில் படும் இடம் வேண்டும். தண்ணீர் தேங்கக்கூடாது, தேங்கினால் கிழங்கு அழுகும். இலையுதிர்காலத்தில் காய்ந்த தண்டுகளை அகற்றிவிட வேண்டும். இல்லையென்றால் போட்ரைட்டிஸ் என்ற பூஞ்சை அவற்றில் தங்கியிருந்து வசந்தத்தில் மொட்டுகளைக் கருக்கும். அடுக்கிதழ்ப் பூக்கள் மழையில் நனைந்தால் பாரம் தாங்காமல் சாயும். அதனால் தண்டு உயர்வதற்கு முன்பே கம்பி வளையம் ஒன்றைத் தாங்கலாக வைப்பார்கள்.

முதல் ஆண்டு பூக்காவிட்டால் வருத்தப்படக்கூடாது. அறுபட்ட கிழங்கு மறுபடி சேமித்துக்கொண்டிருக்கிறது. இடையில் மீண்டும் தோண்டிப் பார்த்தால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். அமைதியாக விட்டுவிட்டால் பியோனி ஐம்பது ஆண்டுகளுக்கு மேலும் ஒரே இடத்தில் பூக்கும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் நிக்கல்ஸ் ஆர்போரீட்டம் என்னும் தோட்டத்தில் 1920-களில் தொடங்கிய பியோனித் தோட்டம் இன்றும் ஒவ்வொரு வசந்தத்திலும் பூத்துக் குலுங்குகிறது.

இவ்வளவு பொறுமை கேட்கும் செடியோடு வாழ்ந்த ஒருவரை நான் வணங்குகிறேன். ஜப்பானைச் சேர்ந்த தோயிச்சி இட்டோ. மரவகைப் பியோனியையும் மறையும் வகைப் பியோனியையும் கலந்து புது இனம் உண்டாக்க முடியாது என்றே பலர் எண்ணியிருந்தார்கள். இட்டோ விடாமல் முயன்று 1948-இல் வெற்றி கண்டார். விதை முளைத்தது. ஆனால் பூப்பதற்குள், 1956-இல் அவர் இறந்துபோனார். கன்றுகளைக் குடும்பத்தாரும் உதவியாளரும் காப்பாற்றினார்கள். சில ஆண்டுகளில் மஞ்சள் பூக்கள் விரிந்தன. இன்று அந்த வகைக்கே இட்டோ பியோனி என்று பெயர்.

எறும்பு திறக்கும் பூவா?

பியோனி மொட்டில் எப்போதும் எறும்புகள் ஊர்ந்துகொண்டிருக்கும். எறும்பு வந்து தொட்டால்தான் மொட்டு விரியும் என்று பல ஊர்களில் சொல்வார்கள். அது உண்மையா? எறும்பு ஏறாதபடி தடுத்து வைத்த மொட்டும் விரிகிறது. அப்படியென்றால் எறும்பு எதற்கு வருகிறது?

மொட்டை மூடியிருக்கும் புல்லி இதழ்களின் ஓரத்தில் இனிப்பு நீர் சுரக்கும் சிறு சுரப்பிகள் இருக்கின்றன. பூவுக்கு வெளியே இருக்கும் தேன்சுரப்பிகள் அவை. எறும்பு அதைக் குடிக்க வருகிறது. வந்த இடத்தில், மொட்டைக் கடிக்க வரும் பூச்சிகளை விரட்டுகிறது. செடி கூலி கொடுக்கிறது, எறும்பு காவல் காக்கிறது. இதைப் பார்க்க நீங்கள் குளிர்நாட்டுக்குப் போக வேண்டாம். ஆமணக்கின் இலைக்காம்பிலும், பருத்தி இலையின் அடிப்பக்க நரம்பிலும், காராமணியின் பூக்காம்பிலும் இதே போன்ற சுரப்பிகள் உண்டு. ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள்.

ஒரே தோட்டத்தில் இரண்டும்

பனைக்குச் சூடான மண், பியோனிக்குக் குளிர். இரண்டும் ஒரே வீட்டுத் தோட்டத்தில் வளருமா? வளரும். கனடாவின் மேற்குக் கரையில் இருக்கும் வான்கூவரில் இங்கிலீஷ் பே கடற்கரையோரம் பனைகள் நிற்கின்றன. அவை சீனத்து மலைப்பகுதியைச் சேர்ந்த, குளிர் தாங்கும் காற்றாடிப்பனைகள். சில நாள் உறைபனி அவற்றை ஒன்றும் செய்யாது. இந்த வகையை 1849-இல் சீனாவிலிருந்து இங்கிலாந்தின் கியூ தோட்டத்துக்கு அனுப்பிவைத்தவர் ராபர்ட் ஃபார்ச்சூன். வான்கூவரின் குளிர்காலம் பியோனியின் உறக்கம் கலையவும் போதுமானது. அதனால் அங்கே பனையும் பியோனியும் அண்டை வீட்டாராக வாழ முடியும்.

ஆனால் அந்தத் தோட்டத்தின் நாட்காட்டியைக் கவனியுங்கள். மண் சூடேறும் மே, ஜூனில் பனையைப் பெயர்க்கலாம். அப்போது பியோனியைத் தொடக்கூடாது, அது பூக்கும் நேரம். செப்டம்பர், அக்டோபரில் பியோனியைப் பிரிக்கலாம். அப்போது பனையைத் தொடக்கூடாது, அதன் வேர் குளிர்மண்ணில் முளைக்காது. ஒரே மண், ஒரே மண்வெட்டி, ஆனால் ஒவ்வொன்றுக்கும் அதனதன் பருவம்.

ஆக, எந்தச் செடியை இடம் மாற்றுவதானாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். இதன் உயிர்நிலை எங்கே இருக்கிறது? இது முன்பு எவ்வளவு ஆழத்தில் இருந்தது? இதற்கு எந்தப் பருவத்தில் புதுவேர் வரும்?

இப்போது உங்களுக்கு ஒரு வேலை. வாழைத்தோட்டம் வைத்திருப்பவர்கள் பக்கக்கன்றைப் பெயர்த்து நடும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். வேர்களைச் சீவி எறிந்துவிடுவார்கள். மேல்பகுதியையும் குறுக்கே வெட்டிவிடுவார்கள். இலையும் இல்லை, வேரும் இல்லை, வெறும் கிழங்கும் அதன்மேல் ஒரு குட்டைத் தண்டும்தான் குழிக்குள் போகும். ஆனாலும் சில வாரங்களில் அதிலிருந்து புது இலை சுருளாகக் கிளம்பும். எப்படி? சபால் பனையையும் பியோனியின் கண்ணையும் மனதில் வைத்துக்கொண்டு விடையை நீங்களே எழுதுங்கள். பிறகு அந்த விவசாயியிடமே கேட்டு, உங்கள் விடை சரியா என்று பாருங்கள்.